ஜூரிக்குத் தவறாகச் சொல்லப்பட்ட சட்டம்: மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் உள்ள வழிகள்

1935 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ரெஜினால்ட் வூல்மிங்டன் என்ற 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி, மனைவியைச் சுட்டுக் கொன்றதாக விசாரிக்கப்பட்டார். பிரிந்து தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவி திரும்பி வராவிட்டால் தன்னையே சுட்டுக்கொள்வதாக மிரட்டத்தான் துப்பாக்கியை மேலங்கிக்குள் மறைத்து எடுத்துச் சென்றதாகவும், அதை வெளியே எடுக்கும்போது தவறிப்போய் வெடித்துவிட்டதாகவும் அவர் சொன்னார். துப்பாக்கியின் குழாயை அவரே அறுத்துக் குட்டையாக்கியிருந்தது அவருக்கு எதிராக நின்றது. அதற்கு முன் டாண்டன் நகரில் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகள், அதாவது குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்க அமர்த்தப்பட்ட பொதுமக்கள், ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்திருந்தார்கள். பிரிஸ்டலில் நீதிபதி ஸ்விஃப்ட், அந்தப் பெண் இவர் கையால் இறந்தார் என்பதை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், அது வெறும் விபத்து என்று காட்ட வேண்டியது இவருடைய பொறுப்பு என்று ஜூரியிடம் சொன்னார். 69 நிமிடங்களில் ஜூரி குற்றவாளி என்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டது.

நீதிபதி சொன்ன சட்டம் தவறு என்று, அன்றைய இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. குற்றத்தை நிரூபிக்கும் சுமை தொடக்கம் முதல் இறுதி வரை அரசுத் தரப்பின் மேல்தான் இருக்கிறது என்று சான்ஸலர் சாங்கி பிரபு எழுதிய பகுதியைச் சட்டம் படிக்கும் எல்லோரும் அறிவார்கள். அதே தீர்ப்பின் இறுதியில் வரும் இரண்டாவது கேள்வியை அவ்வளவு பேர் கவனிப்பதில்லை. சட்டத்தைத் தவறாகச் சொல்லியிருந்தாலும் ஆதாரம் வலுவாக இருப்பதால் தண்டனையை அப்படியே நிலைநிறுத்த வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது. சரியாகச் சொல்லியிருந்தால் ஜூரி தவிர்க்க முடியாமல் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கும் என்று தங்களால் சொல்ல இயலாது என்று கூறி, சபை மறுத்துவிட்டது. வூல்மிங்டன் வீடு திரும்பினார்.

இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. ஜூரிக்கு நீதிபதி சட்டத்தைத் தவறாக எடுத்துரைத்துவிட்டார் என்பது உறுதியான பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன செய்ய வேண்டும்? நாடுகள் இதற்கு வெவ்வேறு வழிகளைப் பின்பற்றியிருக்கின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒரு மனிதன் சிறையில் இருப்பதா, வெளியில் இருப்பதா, மறுபடி கூண்டில் ஏறுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

அறிவுறுத்தலில் பிழை இருந்ததா என்பதே முதலில் தீர வேண்டிய விஷயம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு வாக்கியத்தைத் தனியே பிய்த்தெடுத்துப் பிழை காண்பதை எந்த நீதிமன்றமும் ஏற்பதில்லை. நீதிபதி ஜூரிக்குச் சொன்ன தொகுப்புரை முழுவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வாசகம் இரு பொருள்படும்படி இருந்தால், ஜூரி அதைத் தவறான பொருளில் எடுத்துக்கொண்டிருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990-இல் பாய்ட் வழக்கில் வகுத்தது. இந்தப் படியில் பெரிய தகராறு இல்லை. அடுத்த படியில்தான் பாதைகள் பிரிகின்றன.

பிழை என்றால் தீர்ப்பு விழும்

மிகப் பழைய வழி இது. பிழை கண்டால் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பிவிடுவது. இதன் பலம் இதன் எளிமை: ஜூரியின் மனத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் அளவில்லாமல் பயன்படுத்தினால் இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் சாட்சி. அங்கே 1908-இல், குற்றப்பத்திரிகையின் முடிவு வாசகத்தில் ஆங்கிலத்தின் ஒரு சுட்டுச்சொல் விடுபட்டுப்போனது என்பதற்காக ஒரு தண்டனை ரத்து செய்யப்பட்டது. இத்தகைய தீர்ப்புகளால் எழுந்த அதிருப்தியின் விளைவாகத்தான், தரப்பினரின் முக்கிய உரிமைகளைப் பாதிக்காத பிழைகளைப் புறந்தள்ளும்படி அமெரிக்கக் காங்கிரஸ் 1919-இல் சட்டம் இயற்றியது.

இங்கிலாந்தில் காரணம் வேறு. 1907-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தை உருவாக்கியபோது, மறுவிசாரணைக்கு உத்தரவிடும் பொது அதிகாரத்தை அதற்குக் கொடுக்கவில்லை. ரத்து என்றால் விடுதலை. ஆகவே சிறு பிழைக்காகக் கொலையாளி வெளியே நடந்துபோகாமல் தடுக்க, உண்மையில் கணிசமான அநீதி எதுவும் நிகழவில்லை என்றால் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யலாம் என்று ஒரு வரம்புரையைச் சேர்த்தார்கள். மறுவிசாரணை அதிகாரம் அங்கே 1964-இல் ஓரளவும் 1988-இல் பரவலாகவும் வந்த பிறகு, அந்த அச்சத்தின் அடிப்படையே மாறிவிட்டது. 1995-இல் வரம்புரையும் நீக்கப்பட்டு, தண்டனை பாதுகாப்பற்றதா என்ற ஒரே அளவுகோல் மட்டும் எஞ்சியது. ரத்து செய்வதன் விலை என்ன என்று கணக்கிடும்போது, மறுவிசாரணைக்கு வழி இருக்கிறதா என்பதை முதலில் கேட்க வேண்டும். வழி இருக்கும் நாட்டில், குற்றவாளி தப்பிவிடுவான் என்ற வாதத்துக்குப் பாதி வலுகூட இல்லை. சாட்சிகளின் நினைவு மங்குவது, பாதிக்கப்பட்டவரின் குடும்பம் மறுபடி நீதிமன்றப் படி ஏறுவது ஆகியவையே உண்மையான விலை. அது சிறியதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாப் பிழைக்கும் பொருந்தாத இந்த வழி, ஒரு வகைப் பிழைக்கு மட்டும் முழுமையாகப் பொருந்துகிறது. 1993-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த சல்லிவன் எதிர் லூசியானா வழக்கில், கொள்ளையின்போது நடந்த கொலைக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. நியாயமான சந்தேகம் என்றால் என்ன என்பதை விளக்கிய நீதிபதி, அதைக் கனத்த, கணிசமான ஐயம் என்கிற அளவுக்கு உயர்த்திவிட்டார். அதாவது சாதாரண நியாயமான சந்தேகம் கொண்ட ஜூரி உறுப்பினர்கூடக் குற்றவாளி என்று சொல்லிவிடலாம் என்ற நிலை. ஆதாரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இத்தீர்ப்பு நிற்காது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். ஸ்காலியா எழுதிய தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றவாளி என்று சொல்வதுதான் அரசியலமைப்பு கேட்கும் ஜூரித் தீர்ப்பு. இந்த ஜூரி அப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை. இல்லாத தீர்ப்பின் மேல் பிழை என்ன பாதிப்பை ஏற்படுத்தியது என்று எப்படி அளப்பது?

நிரூபிக்கும் சுமையையோ நிரூபணத்தின் அளவையோ புரட்டிப்போடும் அறிவுறுத்தல் இவ்வகைதான். அன்றைய இலங்கையிலிருந்து, லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போன அத்திகல வழக்கிலும் இதே நோய்தான். குளோரோஃபார்ம் மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்பது குற்றஞ்சாட்டப்பட்ட இருவருக்கே தெரியும், ஆகவே குற்றம் நடக்கவில்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு என்று ஜூரிக்குச் சொல்லப்பட்டிருந்தது. இலங்கையின் சட்டம் அதுவல்ல என்று 1936-இல் பிரிவி கவுன்சில் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு, ஒருவருக்கே தெரிந்த விஷயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்கிற அதே சாட்சியச் சட்டப் பிரிவு தவறாகக் கையாளப்பட்ட செனவிரத்ன கொலை வழக்கில் தண்டனையே ரத்தாயிற்று.

ஆதாரத்தின் எடையைப் பார்ப்பது

இரண்டாவது வழி நடைமுறையில் அதிகம் வென்ற வழி. பிழையை ஒதுக்கிவைத்துவிட்டு, மேல்முறையீட்டு நீதிபதிகள் விசாரணைப் பதிவு முழுவதையும் படித்து, சரியான சட்டம் சொல்லப்பட்டிருந்தாலும் அறிவுள்ள எந்த ஜூரியும் குற்றவாளி என்றுதான் சொல்லியிருக்கும் என்று கண்டால், தண்டனையை உறுதி செய்கிறார்கள்.

அமெரிக்காவில் இதன் முக்கிய வழக்கு 1999-இன் நீடர். ஃபுளோரிடாவில் நிலம், வீட்டுமனைத் தொழில் செய்துவந்த ஒருவர், தம் வருமான வரி அறிக்கைகளில் 50 லட்சம் டாலருக்கும் மேலான வருமானத்தைக் காட்டவில்லை. பொய்யான தகவல் முக்கியத்துவம் வாய்ந்ததாக இருந்தால்தான் குற்றம். அதை ஜூரி தீர்மானிக்க வேண்டும். ஆனால் விசாரணை நீதிபதி அந்தக் கேள்வியை ஜூரியிடம் விடாமல் தானே தீர்மானித்துவிட்டார். இத்தனை பெரிய தொகையை மறைத்தது முக்கியமில்லை என்று எந்த ஜூரியும் சொல்லியிருக்காது, அதை எதிர்த்தரப்பு மறுக்கவும் இல்லை என்று காரணம் காட்டி, பெரும்பான்மை நீதிபதிகள் பிழையைத் தீங்கற்றது என்றார்கள். சல்லிவன் தீர்ப்பை எழுதிய ஸ்காலியா இங்கே மாறுபட்டார். சௌட்டரும் கின்ஸ்பர்க்கும் அவருடன் சேர்ந்தார்கள். குற்றத்தின் ஒரு கூறை ஜூரி தீர்மானிக்கவே இல்லை என்றால், மீதிக் கூறுகளை அது தீர்மானித்ததை வைத்து நீதிபதிகள் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது என்பது அவர்கள் நிலை.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி வெளிப்படையாகப் போயிற்று. கற்பனை ஜூரி ஒன்று என்ன செய்திருக்கும் என்று மேல்முறையீட்டு நீதிபதிகள் பாவனை செய்ய வேண்டாம், பதிவைத் தாங்களே படித்து, குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபணமாகியிருக்கிறதா என்று தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்று 2005-இல் வைஸ் வழக்கில், அந்நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது. அவ்வாறு திருப்தி கொள்வது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. அந்த எச்சரிக்கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத்தான் அடுத்தடுத்த அமர்வுகள் தேடிக்கொண்டிருக்கின்றன.

2018-இல் கல்பாசி வழக்கில் அந்தத் தேடல் நீதிமன்றத்தை இரண்டாகப் பிளந்தது. 4.981 கிலோ மெத்தாம்ஃபெட்டமைன் அனுப்பப்படுவதைக் கண்டுபிடித்த காவல்துறை, அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல் உப்பை வைத்திருந்தது. ஆகவே குற்றச்சாட்டு, விற்கும் நோக்கத்துடன் போதைப்பொருளைக் கைவசப்படுத்த முயன்றார் என்பது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் கைவசம் இருந்தால் விற்கும் நோக்கம் இருந்ததாகவே கொள்ளலாம் என்ற சட்டத்தின் அனுமானம், முயற்சிக் குற்றத்துக்குப் பொருந்தாது. பொருந்தும் என்று எண்ணியே வழக்கு நடந்தது; நோக்கம் என்ற கூறு ஜூரி தீர்மானிக்க வேண்டிய ஒன்றாக அதன் முன் வைக்கப்படவே இல்லை. ஏறத்தாழ ஐந்து கிலோவைத் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர் யார் என்று நான்கு நீதிபதிகள் கேட்டார்கள், தண்டனை நிலைத்தது. மூன்று பேர் ஏற்கவில்லை.

ஐந்து கிலோ பற்றிய வாதம் வலுவானது. படிக்கும்போது நமக்கும் தலை ஆடுகிறது. இந்த வழியின் ஆபத்தே அதில்தான் இருக்கிறது. அது எப்போதும் நம் தலையை ஆட்ட வைக்கும். மேல்முறையீட்டு நீதிபதி பார்ப்பது தட்டச்சு செய்த பக்கங்களை. சாட்சி பதில் சொல்லத் தயங்கிய கணத்தை அவர் பார்க்கவில்லை. தண்டிக்கப்பட்டவரின் மேல்முறையீடு என்பதால், குற்றவாளி என்ற சொல் ஏற்கெனவே பதிவின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புகிறவருக்கு எல்லாச் சாட்சியமும் அந்தத் திசையில் சாய்ந்தே தெரியும். அத்துடன், தவறான சட்டத்தின் கீழ் நடந்த விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தம் வாதத்தையும் குறுக்கு விசாரணையையும் அந்தச் சட்டத்துக்கு ஏற்றபடிதான் அமைத்திருப்பார். பொருட்டே இல்லை என்று ஒதுக்கப்பட்ட கேள்விக்கு அவர் எதற்குச் சாட்சி கொண்டுவரப் போகிறார்? பிறகு, மறுக்கப்படாத ஆதாரம் என்று அதையே அவருக்கு எதிராகக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிழை தீர்ப்பைத் தொட்டதா

மூன்றாவது வழி, இரண்டாவதைப் போலத் தோன்றி, அடிப்படையில் வேறுபடுவது. குற்றவாளியா இல்லையா என்று இது கேட்பதில்லை. இந்த ஜூரி, இந்த விசாரணையில், இந்தத் தீர்ப்பைச் சொல்லியதில் அந்தப் பிழைக்குப் பங்கு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்கிறது. 1967-இன் சாப்மன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு வடிவம் கொடுத்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறாததை அவர்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்று கலிஃபோர்னியாவில் ஜூரிக்குச் சொல்லியிருந்தார்கள். அரசு வழக்கறிஞரும் தம் வாதத்தில் அதைத் திரும்பத் திரும்பக் குத்திக்காட்டியிருந்தார். அந்தப் பிழை தீர்ப்புக்குத் துணைபோகவில்லை என்று நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் காட்ட வேண்டியது அரசின் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லி, தண்டனையை ரத்து செய்தது. அரசியலமைப்பைச் சாராத பிழைகளுக்குச் சற்றுத் தளர்வான, ஆனால் அதே குணம் கொண்ட அளவுகோலை 1946-இன் கோட்டியாகோஸ் வழக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தது. எட்டுத் தனித்தனிச் சதிகளை ஒரே சதியாக எண்ணிக்கொள்ளும்படி ஜூரியை அனுமதித்த அந்த வழக்கில், பிழை தீர்ப்பின் மேல் கணிசமான செல்வாக்குச் செலுத்தியதோ என்று கனத்த ஐயம் எழுந்தாலே தீர்ப்பு நிற்காது என்று வகுக்கப்பட்டது.

ஜூரி அறையின் கதவு மூடியது, உள்ளே நடந்ததைப் பின்னர் கேட்கவும் முடியாது, ஆகவே இது வெறும் ஊகம்தானே என்பது இவ்வழிக்கு எதிரான வலுவான ஆட்சேபம். பாதி உண்மை. ஆனால் பதிவு பல நேரங்களில் பேசும். அதற்கு என் கண்ணில் நிற்கும் உதாரணம் அதே 1946-இன் போலன்பாக் வழக்கு. திருட்டு நிதிப் பத்திரங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. ஜூரி உள்ளே போய் ஏழு மணி நேரம் ஆகியும் முடிவு வரவில்லை. ஜூரியிடமிருந்து வந்த ஒரு கேள்விக்கு, திருட்டுப் பொருளைக் கைவசம் வைத்திருப்பதிலிருந்தே குற்றத்தை அனுமானிக்கலாம் என்கிற பொருளில் நீதிபதி தவறான விடை சொன்னார். ஐந்தே நிமிடத்தில் ஜூரி குற்றவாளி என்று வந்து நின்றது. ஏழு மணி நேரம் நகராதது ஐந்து நிமிடத்தில் நகர்ந்தது எதனால் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆதாரம் போதுமானது என்ற அரசின் வாதத்தை நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் ஏற்கவில்லை. பதிவிலிருந்து குற்றத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட முடியுமா என்பதல்ல கேள்வி, உரிய முறையிலும் உரிய அளவுகோலின்படியும் ஒரு ஜூரி குற்றத்தைக் கண்டதா என்பதே கேள்வி என்று அவர் எழுதினார்.

எல்லா வழக்கிலும் கடிகாரம் இவ்வளவு தெளிவாகப் பேசாது. ஆனால் வேறு தடயங்கள் உண்டு. தவறான வாசகத்தை அரசு வழக்கறிஞர் இறுதி வாதத்தில் பிடித்துக்கொண்டாரா, பிழை தொட்ட கூறுதான் வழக்கின் சர்ச்சைக்குரிய இடமா, ஒரு குற்றச்சாட்டில் விடுவித்து மற்றொன்றில் தண்டித்த ஜூரி எங்கே கோடு கிழித்தது என்பன போன்றவை. சில நேரங்களில் ஜூரி தனியே பதிவு செய்த ஒரு முடிவு, பிழை தொட்ட கூறையும் அது உண்மையில் தீர்மானித்துவிட்டது என்று காட்டும். அப்போது தண்டனையை நிலைநிறுத்துவதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஜூரி சொன்னதைத்தான் நீதிமன்றம் அங்கே உறுதி செய்கிறது.

நீதிமன்றமே தீர்ப்புச் சொல்வது

நான்காவது வழி இந்தியாவில் நடந்தது. அதன் மிகப் புகழ்பெற்ற உதாரணத்தைப் பெரும்பாலோர் காதல், கொலை, கடற்படைச் சீருடை என்ற கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் மூன்று குண்டுகள் பாய்ந்தன. மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கடற்படை கமாண்டர் நானாவதி, கைகலப்பில் துப்பாக்கி தானாக வெடித்தது என்றார். ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவரை விடுவித்தது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல், அக்காலக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307-ஆம் பிரிவின்படி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, ஜூரிக்குச் சொல்லப்பட்ட சட்டத்திலேயே பெரும் பிழைகள் இருப்பதைச் சுட்டினார். விபத்து என்ற விதிவிலக்கைக் கோருபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்ற சாட்சியச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு விளக்கப்படவில்லை. தண்டனைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின் கூறுகளும் எடுத்துச் சொல்லப்படவில்லை. வூல்மிங்டனின் அதே விபத்து வாதம், அதே நிரூபிக்கும் சுமை பற்றிய பிழை, ஆனால் எதிர்த் திசையில்: அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பாதகமாக, இங்கே சாதகமாக. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய பிழைகளால் ஜூரித் தீர்ப்பு கெட்டுப்போனால், மறுவிசாரணைக்கு அனுப்பாமல் உயர் நீதிமன்றமே ஆதாரத்தை எடைபோட்டு முடிவு சொல்லலாம் என்பதை உறுதி செய்தது. கொலைக் குற்றத்துக்கான ஆயுள் தண்டனை நிலைத்தது. இதுவே இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்று பலரும் எழுதுவது சரியல்ல. சில இடங்களில் அதன் பிறகும் ஜூரி விசாரணைகள் நடந்தன, 1973-இன் புதிய நடைமுறைச் சட்டத்தில்தான் ஜூரிக்கு இடமில்லாமல் போயிற்று.

நானாவதி குற்றமற்றவர் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். சட்டத்தைத் தவறாகச் சொன்னவர் நீதிபதி. கேட்டபடி தீர்மானித்தது ஜூரி. அந்தத் தவற்றையே காரணமாக்கி ஜூரியின் விடுதலைத் தீர்ப்பு அகற்றப்பட்டு, சாட்சிகளை நேரில் பார்க்காத நீதிபதிகளின் தண்டனைத் தீர்ப்பு அங்கே வைக்கப்பட்டது. விரைவும் முடிவான தன்மையும் இந்த வழிக்கு உண்டு. ஜூரி முறைக்கு இதில் இடமில்லை.

பதிவைப் படித்துத் தீர்மானிப்பதில், எந்தக் கேள்வியோடு படிக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழர்கள் வேறொரு வழக்கில் கண்டிருக்கிறார்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் சென்னையில் ஜூரி குற்றவாளிகள் என்றது. முதல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. மேல்முறையீட்டை மீண்டும் கேட்கும்படி பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பிய பின், 1947-இல் அதே உயர் நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு இருவரையும் விடுதலை செய்தது. சாட்சிகளும் சாட்சியமும் மாறவில்லை.

வழக்கறிஞர் வாய்திறக்காதபோது

மேலே சொன்ன எல்லா வழிகளையும் ஒரு துணைக் கேள்வி குறுக்கே வெட்டுகிறது. தவறான அறிவுறுத்தல் சொல்லப்பட்டபோது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபிக்காமல் இருந்திருந்தால்? அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களில் அதன்பின் எல்லாமே தலைகீழ். 1993-இன் ஒலானோ தீர்ப்பின்படி, பிழை வெளிப்படையானது, தன் முக்கிய உரிமைகளைப் பாதித்தது என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே காட்ட வேண்டும்; காட்டினாலும், நீதிமுறையின் நேர்மைக்கே பங்கம் என்று நீதிமன்றம் கருதினால்தான் நிவாரணம். ஆட்சேபத்தைப் பையில் ஒளித்துவைத்துக்கொண்டு, தோற்றால் எடுத்துவிடலாம் என்று வழக்கறிஞர்கள் எண்ணாமல் இருக்க இந்தக் கடுமை தேவை என்கிறார்கள். உடனே சொல்லியிருந்தால் நீதிபதி ஒரு வாக்கியத்தில் திருத்தியிருப்பார் என்பதும் உண்மைதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2015-இன் ஜூரி அறிவுறுத்தல்கள் சட்டத்தில், எந்த அறிவுறுத்தல் வேண்டும், எது வேண்டாம் என்று வழக்கறிஞர்களே முன்கூட்டிக் கேட்கும்படி செய்திருப்பது இதைவிட நல்ல ஏற்பாடு. பிழை நடந்தபின் தண்டிப்பதைவிட நடக்காமல் தடுப்பது மேல்.

ஆனால் 1997-இன் ஜான்சன் வழக்கைப் பாருங்கள். பொய்ச் சாட்சியக் குற்றத்தில், பொய் முக்கியமானதா என்பதை நீதிபதியே தீர்மானிக்கலாம் என்பதுதான் விசாரணை நடந்த நாளில் அந்த வட்டாரத்தின் சட்டம். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது உச்ச நீதிமன்றம் சட்டத்தை மாற்றியது. ஆட்சேபித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அப்படியிருந்தும் ஆட்சேபம் இல்லை என்ற கடுமையான அளவுகோலே பொருத்தப்பட்டு, ஆதாரம் மிக வலுவானது என்று தண்டனை நிலைநிறுத்தப்பட்டது. 2021-இல், முன்தண்டனை பெற்ற ஒருவர் துப்பாக்கி வைத்திருந்தது பற்றிய கிரியர் வழக்கிலும், முன்தண்டனை பெற்றவர் என்ற தன் நிலை தனக்குத் தெரியும் என்பதை ஜூரி தீர்மானிக்க வேண்டும் என்ற விதி பின்னால் வந்து சேர்ந்தது. தெரியாது என்று தான் விசாரணையில் காட்டியிருக்கக்கூடியதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே முன்வைக்க வேண்டும் என்றார்கள். மௌனம் தந்திரமாக இருந்த வழக்கையும், பேச இடமே இல்லாதிருந்த வழக்கையும் ஒரே தராசில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எது மேல்

தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால், மூன்றாவது வழியை அடிப்படையாக வைப்பேன். பிழை தீர்ப்பைத் தொடவில்லை என்று காட்டும் சுமை அரசின் மேல்; காட்ட முடியாவிட்டால் மறுவிசாரணை. நிரூபிக்கும் சுமையையோ அளவையோ புரட்டிய அறிவுறுத்தலுக்கும், சர்ச்சைக்குரிய ஒரு கூறை ஜூரியின் கையிலிருந்து முற்றாகப் பறித்த அறிவுறுத்தலுக்கும் முதல் வழி: கேள்வி கேட்காமல் ரத்து. குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட கூறு மட்டும் விடுபட்டிருந்தால் அதை இந்த விதியில் சேர்க்கமாட்டேன். ஆதாரத்தின் எடையை முற்றிலும் பார்க்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. பிழை எங்கே அழுத்தியது என்பதை அறியும் அளவுக்கு அதைப் பார்க்கலாம், தீர்ப்புக்குப் பதிலாக அதை வைக்கக் கூடாது. ஆட்சேபிக்காதது வழக்கறிஞரின் உத்தி என்று பதிவில் தெரிந்தால் மட்டும் சுமை இடம் மாறலாம்.

இதற்கு விலை உண்டு. கல்பாசி போன்றவர்கள் மறுவிசாரணை பெறுவார்கள். பெரும்பாலும் மறுபடி தண்டிக்கவும் படுவார்கள். அந்த இரண்டாம் விசாரணையின் செலவையும் காலத்தையும், சட்டத்தைத் தவறாகச் சொன்ன அரசின் நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்பதே என் நிலை.

நம்மில் சிலருக்கு இது தொலைதூர விஷயமல்ல. இலங்கையில் யூரி (ஜூரி) விசாரணை சட்டத்தில் இன்னும் இருக்கிறது. குறிப்பிட்ட கடுங்குற்றங்களில் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், அதைத் தெரிவு செய்யலாம். 1979-இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 334-ஆம் பிரிவில், 1907-ஆம் ஆண்டின் அதே ஆங்கில வரம்புரை, கணிசமான அநீதி உண்மையில் நிகழ்ந்ததா என்ற அதே வாசகத்துடன் இன்னும் உயிரோடு இருக்கிறது. மறுவிசாரணைக்கு உத்தரவிடும் அதிகாரமும் அதே பிரிவில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உண்டு. எழுதிய நாட்டிலேயே நீக்கப்பட்டுவிட்ட அந்த வாசகத்தை ஆதாரத்தின் எடை என்று படிக்கவும் இடமுண்டு, தீர்ப்பின் மேல் பிழையின் விளைவு என்று படிக்கவும் இடமுண்டு. அங்கே ஒரு யூரித் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு எழுதும் சட்டத்தரணி, தொகுப்புரையின் பிழையான வரியைக் காட்டுவதோடு நிறுத்திவிடாமல், அந்த வரியை வழக்குத் தொடுநர் எங்கே எடுத்தாண்டார், யூரி எந்த நேரத்தில் என்ன கேள்வி கேட்டது, அதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் பதிவேட்டின் பக்க எண்களோடு மனுவில் வைக்க வேண்டும்.